ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் நோய் எதிர்ப்பைக் கூட்டுமா, குறைக்குமா? மாற்றுச் சிறுநீரகம் உள்ளவருக்குக் கொடுக்கலாமா?

பாதநலம் கேட்டது:

நீரிழிவுக் கால்புண்ணிலும் ஹைப்பர்பேரிக் சேம்பரிலும் (உயர் அழுத்தத்தில் ஆக்சிஜன் சுவாசிக்க வைக்கும் அறை) பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி.

நோயாளிக்கு வயது 56. சிறுநீரக மாற்று முடிந்து நான்கு வருடம். எதிர்ப்பு சக்தியை அடக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், தினம் 5 மி.கி. பிரெட்னிசோலோன். வலது குதிகாலில் வாக்னர் 3 புண் (எலும்புவரை தொற்று இறங்கிய ஆழமான புண்). எலும்பு பயாப்ஸியில் சூடோமோனாஸ் பாக்டீரியா. செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தாயிற்று. முழங்காலுக்குக் கீழே அடைத்திருந்த நாளத்தையும் ஆஞ்சியோபிளாஸ்டியில் திறந்தாயிற்று. அப்படியும் புண் ஓரத்தில் தோல்வழி ஆக்சிஜன் அளவு 28 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவில்லை. 2.4 ஏடிஏ (சேம்பரின் அழுத்தம்), 90 நிமிடம், 30 அமர்வு என்று பரிந்துரை வந்திருக்கிறது.

சிறுநீரக மருத்துவருக்கு இரண்டு சந்தேகம். இது எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்றால் மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரித்துவிடாதா? அடக்கும் என்றால், ஏற்கெனவே மூன்று மருந்தால் அடங்கிக் கிடப்பவருக்குத் தொற்று பரவாதா? தேடினால் இரண்டு பக்கமும் கட்டுரைகள் கிடைக்கின்றன. எதை நம்புவது? இமிபெனெம் ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருக்கிறது, அதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?

வெள்ளையணு பதில்:

டாக்டர், இரண்டு பக்கக் கட்டுரைகளும் பெரும்பாலும் சரியானவைதான். ஒரு கூட்டம் புண்ணுக்குள் நடப்பதை அளக்கிறது, இன்னொரு கூட்டம் ரத்தநாளச் சுவரில் நடப்பதை அளக்கிறது. ‘நோய் எதிர்ப்பு’ என்று இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் குழப்பம். நான் புண்ணுக்குள் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும் அதன் சவ்வில் உள்ள என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் நொதி வேலையைத் தொடங்குகிறது. கரைந்த ஆக்சிஜனை எடுத்து சூப்பராக்சைடு ஆக்குகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, அதிலிருந்து மையலோபெராக்சிடேஸ் வழியாக ஹைப்போகுளோரஸ் அமிலம். அந்த நேரத்தில் செல்லின் ஆக்சிஜன் தேவை ஓய்வு நிலையைவிடப் பல பத்து மடங்கு ஏறும். விழுங்குவதற்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டாம், சர்க்கரையை நொதிக்க வைத்தே சமாளித்துக்கொள்ளும். விழுங்கியதைக் கொல்லத்தான் வேண்டும்.

இந்த நொதி பாதி வேகத்தில் ஓடவே சுற்றிலும் 45 முதல் 80 மி.மீ. பாதரசம் ஆக்சிஜன் அழுத்தம் தேவை. முழு வேகத்துக்கு 300ஐ ஒட்டி வேண்டும். உங்கள் நோயாளியின் புண் ஓரமே 28 என்றால் உள்ளே எலும்புப் பக்கம் இன்னும் கீழே இருக்கும். அங்கே போய்ச் சேரும் நியூட்ரோஃபில், இந்த நொதியே பிறவியில் பழுதான நாட்பட்ட கிரானுலோமா நோயாளியின் நியூட்ரோஃபில் மாதிரிதான் நடந்துகொள்ளும். ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை சரியாக இருக்கும், புண்ணில் கொலை நடக்காது.

2.4 ஏடிஏ என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல 2.4 மடங்கு. அதில் சுத்த ஆக்சிஜனை சுவாசித்தால் நுரையீரல் காற்றறையில் ஆக்சிஜன் அழுத்தம் 1,700 மி.மீ. அளவுக்குப் போகும். ஹீமோகுளோபின் ஏற்கெனவே நிரம்பிவிட்டதால் அதில் கூட ஏறுவது சொற்பம். பிளாஸ்மாவில் கரைவதுதான் கணக்கு: ஒவ்வொரு மி.மீ.க்கும் 100 மி.லி. ரத்தத்தில் 0.003 மி.லி. சாதாரணக் காற்றில் 0.3 மி.லி. கரைந்திருப்பது இங்கே ஏறக்குறைய 5 மி.லி. ஆகிறது. ஓய்வில் திசுக்கள் எடுத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆம்ஸ்டர்டாமில் போரெமா 1960 வாக்கில் பன்றிகளின் சிவப்பணுக்களை அனேகமாக முழுக்க வெளியேற்றிவிட்டு 3 ஏடிஏவில் உயிரோடு வைத்துக் காட்டியது இந்தக் கணக்கின் பலத்தில்தான்.

மேடர் என்ற ஆய்வாளரின் குழு செய்த முயல் ஆய்வில் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா தொற்றிய எலும்பில் ஆக்சிஜன் இருபதுகளில் இருந்தது, 2 ஏடிஏவில் 100ஐ எட்டியது. அந்த அளவு ஆக்சிஜனில் ஸ்டஃபைலோகாக்கஸ் சோதனைக்குழாயில் சுகமாக வளரும். சிகிச்சை பெற்ற முயலின் எலும்பில் மட்டும் அது குறைந்தது என்றால் ஆக்சிஜன் நேராகக் கொல்லவில்லை, வெள்ளையணு வழியாகக் கொன்றது என்று அர்த்தம். இங்கே நடப்பது கூட்டல் இல்லை, பற்றாக்குறையை நிரப்புதல். பற்றாக்குறை இல்லாத இடத்தில் இந்தப் பலன் கிடைக்காது. ஆரோக்கியமான ஆளைச் சேம்பரில் படுக்கவைத்தால் அவருடைய நியூட்ரோஃபில் ‘சூப்பர்’ ஆகிவிடுவதில்லை.

கிட்னி நிராகரிப்பு டி செல்கள் என்ற வேறு வகை வெள்ளையணுக்களின் வேலை, வேறு துறை. அதை ஆழ்கடல் சார் சொல்லட்டும்.

ஆழ்கடல் பதில்:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். அடக்கும் பக்கத்தில் மூன்று விஷயம் தனித்தனியாக நடக்கிறது, மூன்றுக்கும் நம்பகத்தன்மை ஒரே அளவில் இல்லை.

உறுதியானது, நியூட்ரோஃபில் ஒட்டுவது குறைவது. அடைபட்ட ரத்த ஓட்டம் திரும்பும்போது நியூட்ரோஃபில்கள் சிறு நாளச் சுவரில் பீட்டா-2 இன்டக்ரின் என்ற ஒட்டும் புரதம் வழியாக ஒட்டி, சுவரையே அரித்துவிடும். 1990களில் தாம் (Thom), சம்போனி (Zamboni) என்ற ஆய்வாளர்கள் இருவரின் குழுக்களும் எலிகளில் காட்டியது, 2.5 முதல் 3 ஏடிஏ ஆக்சிஜன் இந்த ஒட்டலை நிறுத்துகிறது என்பது. இன்டக்ரின் செல் மேலே இருந்து காணாமல் போவதில்லை. கொத்தாகத் திரண்டு பிடிப்பதற்கான உள் சாரம், அதாவது ஆக்டின், நைட்ரிக் ஆக்சைடு ஒட்டி (நைட்ரோசில் ஏற்றம்) கோளாறாகிறது. முக்கியமான நுணுக்கம்: இதே நியூட்ரோஃபில்லின் ஆக்சிஜன் வெடிப்பும் துகள் வெளியேற்றமும் பாதிக்கப்படுவதில்லை, இன்டக்ரின் அல்லாத வழிகளில் திசுவுக்குள் நுழைவதும் தொடர்கிறது. அதனால் தொற்று பரவும் பயம் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. நசுங்கிய கால், பலவீனமான தோல் மடல், கார்பன் மோனாக்சைடு விஷம் ஆகியவற்றில் பலன் வருவதற்கு ஒரு காரணமும் இதுதான். உங்கள் நோயாளிக்கு ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்த கையோடு இது சாதகமாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது, மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்கள். 2.4 ஏடிஏ 90 நிமிடத்துக்குப் பின் ரத்தத்திலிருந்து எடுத்துத் தூண்டினால் இன்டர்லியூகின்-1 பீட்டாவும் டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் (அழற்சியைத் தூண்டும் புரதங்கள்) குறைவாகச் சுரக்கின்றன. ஆனால் சில மணி நேரத்தில் திரும்பிவிடுகிறது. குரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்கள் பக்கம் ஆர்வம் இதனால் வந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கொலைட்டிஸ் நோயாளிகளில் 2018இல் வந்த கட்டுப்பாட்டு ஆய்வில் மொத்தமே 18 பேர். நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, டி செல்கள். ஒரு அமர்வு முடிந்ததும் சிடி4 (உதவும் டி செல்கள்) விகிதம் இறங்கி சிடி8 (கொல்லும் டி செல்கள்) ஏறும், ஒரு நாளுக்குள் பழைய நிலைக்கு வரும். பலர் இதை ‘எதிர்ப்பு சக்தி இறங்கிவிட்டது’ என்று படிக்கிறார்கள். ரத்த ஓட்டத்திலிருந்து செல்கள் இடம் மாறினாலும் இதே எண்தான் வரும், ஆகவே நான் இதற்குப் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். நிராகரிப்பு பற்றி: லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) வகைச் சுண்டெலிகளில் நீண்டகால ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் நோயைத் தணித்தது, பொருந்தாத தோல் ஒட்டு சுண்டெலிகளில் சீக்கிரம் உதிராமல் கூடுதல் நாள் நின்றது. இரண்டும் தூண்டலுக்கு எதிர்த்திசை. உறுப்பு மாற்று செய்தவர்கள் என்பதற்காக மட்டும் இந்தச் சிகிச்சையைத் தவிர்க்கும் விதி எதுவும் கிடையாது. டாக்ரோலிமஸை இதற்காகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

அளவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமர்வு என்பது இடைவெளி விட்டுக் கொடுக்கும் மருந்து. நாள்கணக்கில் விடாமல் அதிக ஆக்சிஜன் கொடுத்தால் நுரையீரல் மேக்ரோஃபேஜ்கள் பாக்டீரியாவை விழுங்கும் திறனையே இழக்கின்றன. ஐசியூவில் அதிக ஆக்சிஜனில் கிடக்கும் நோயாளிகளின் கதை அது. அதைக் காட்டி ஹைப்பர்பேரிக்கைக் குறை சொல்வதும், இதைக் காட்டி அதை நியாயப்படுத்துவதும் தப்பு. முதல் அமர்வுக்குப் பின் வெள்ளையணுக்களின் டிஎன்ஏவில் காமெட் சோதனையில் உடைவு தெரிகிறது, இரண்டாம் நாள் அமர்வுக்குப் பின் தெரிவதில்லை. ஹீம் ஆக்சிஜனேஸ்-1 போன்ற தற்காப்பு நொதிகள் அதற்குள் ஏறிவிடுகின்றன. தினம் ஒரு அமர்வு என்ற முறையைச் செல்கள் தாங்குவது இப்படித்தான்.

கால்புண்ணில் மொத்தப் பலன் என்ன என்பதிலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். சுவீடனில் 2010இல் வெளியான 94 பேர் ஆய்வில் ஒரு வருடத்தில் புண் ஆறியது 52 சதவீதம், போலிச் சிகிச்சையில் 29. நெதர்லாந்தின் டாமக்ளீஸ் ஆய்வில் 120 பேர், 2018. கால் காப்பாற்றப்பட்டதில் தெளிவான வித்தியாசம் இல்லை. அங்கே ஹைப்பர்பேரிக் குழுவில் திட்டமிட்ட அமர்வுகளை முடித்தவர்கள் 65 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சேம்பர் டெக் பதில்:

இமிபெனெம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். டாக்டர், அதை முதலில் மாற்றப் பாருங்கள். இமிபெனெம் வலிப்பு வரும் எல்லையைத் தாழ்த்தும், சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இன்னும் அதிகம். உயர் அழுத்த ஆக்சிஜனுக்கும் அதே குணம். டாக்ரோலிமஸ் ரத்தத்தில் ஏறினால் கை நடுக்கம், வலிப்பு அதுவும் தரும். மூன்றும் ஒரே ஆளிடம் சேர வேண்டாம். கல்ச்சரில் வேலை செய்தால் மெரோபெனெம் அல்லது செஃப்டாசிடிம் மேல். சிப்ரோஃப்ளாக்சசினும் இந்த விஷயத்தில் சுத்தம் இல்லை, ஆனால் இமிபெனெம் அளவுக்குப் பயம் இல்லை. முதல் அமர்வுக்கு முன் டாக்ரோலிமஸ் அளவு, மெக்னீசியம் இரண்டும் பார்த்துவிடுங்கள். டாக்ரோலிமஸ் மெக்னீசியத்தைக் கரைத்துவிடும்.

ஆக்சிஜனால் அதிகம் பலன் பெறும் ஆன்டிபயாடிக் அமினோகிளைகோசைடு வகை. பாக்டீரியாவுக்குள் அது நுழையவே ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜன் இல்லாத எலும்பில் டோப்ராமைசின் வெளியே நின்றுவிடும். ஆனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் டாக்ரோலிமஸுக்கும் பக்கத்தில் அதைக் கொண்டுவரவே முடியாது. பீட்டா-லாக்டம்களுக்கு இந்தச் சார்பு பெரிதாக இல்லை. அதனால் இவருக்குச் சேம்பர் தரப்போவது மருந்து உதவி இல்லை, வெள்ளையணு உதவிதான்.

வலிப்பு அபூர்வம், பல ஆயிரம் அமர்வுக்கு ஒன்று என்ற கணக்கு. காய்ச்சல் இருந்தால் அந்தக் கணக்கு மாறும். 38.5க்கு மேல் உடல்சூடு இருந்தால் முதலில் பாராசிட்டமால் கொடுத்து இறக்குங்கள், அப்புறம் ஏற்றலாம். 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை 5 நிமிடம் சாதாரணக் காற்று கொடுப்பது வலிப்பைத் தள்ளிப்போடத்தான். ‘நேரம் போகிறது’ என்று அதை வெட்டுவதை அனுமதிக்காதீர்கள். வலிப்பு வந்தே விட்டால் பதறி அழுத்தத்தை இறக்கக் கூடாது. விறைத்த நிலையில் குரல்வளை மூடியிருக்கும், நுரையீரலில் அடைபட்ட காற்று விரிந்து கிழித்துவிடும். பல பேர் உட்காரும் சேம்பரில் முகமூடியைக் கழற்றுங்கள். ஒற்றை ஆள் குழாயில் காற்றுக்கு மாற்றுங்கள். விறைப்பு விட்டு மூச்சு திரும்பிய பின்புதான் இறக்க வேண்டும்.

சுகர் விஷயம். உள்ளே போனால் சுகர் இறங்கும். இன்சுலின் போடுபவருக்கு ஏற்றும் முன் 120க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிடவைத்து அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 300க்கு மேல் இருந்தால் அன்றைய அமர்வுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். அந்த அளவில் நியூட்ரோஃபில்லே மந்தம், ஆக்சிஜன் ஏற்றி என்ன பயன்? இன்னொரு பொறி: சேம்பருக்குள்ளேயோ வெளியே வந்த நிமிடத்திலேயோ குளுக்கோஸ் ஆக்சிடேஸ் ஸ்ட்ரிப்பில் பார்த்தால், ரத்தத்தில் உள்ள அதிக ஆக்சிஜன் நொதி தரும் எலக்ட்ரான்களைப் போட்டியாகப் பறித்து சுகரைக் குறைத்துக் காட்டும். குளுக்கோஸ் டிஹைட்ரோஜனேஸ் வகை ஸ்ட்ரிப் வாங்கி வையுங்கள்.

முன்னதாக மார்பு எக்ஸ்ரே கட்டாயம். வடிகுழாய் போடாத நியூமோதோராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே மார்புக்குள் காற்று சேர்வது) மட்டும்தான் கறாரான தடை. காது: அழுத்தம் ஏறும்போது நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐ போதும். வலி என்றால் உடனே நிறுத்தி, கொஞ்சம் இறக்கி, மூக்கைப் பிடித்து ஊதச் சொல்லி, திறந்த பின் தொடருங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஒற்றை ஆள் குழாய் முழுக்க ஆக்சிஜன் என்றால் தலையில் தேங்காய் எண்ணெய், காலில் வாசலின் தடவிய கட்டு, மூட்டு வலித் தைலம், நைலான் உடை, செல்போன், காதுக் கருவி எதுவும் உள்ளே போகக் கூடாது. பருத்தி உடை மட்டும், கையில் தரைக் கம்பிப் பட்டை. தைலம் விஷயத்தில் நம் ஆட்கள் ‘கொஞ்சம்தான் தடவினேன்’ என்பார்கள், கேட்டுக்கொண்டு ஏற்றாதீர்கள். 2025 ஜனவரி கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் டிராய் நகரில் இப்படி ஒரு குழாய்க்குள் தீப்பிடித்து ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான்.

பாதநலம்:

நன்றி. இமிபெனெமை மாற்றுகிறோம். இரண்டு துணைக்கேள்வி. பலன் வருகிறதா என்று எத்தனையாவது அமர்வில் தெரியும்? நோயாளியின் மகன் வீட்டிலேயே வைக்கும் 1.3 ஏடிஏ துணிச் சேம்பர் வாங்கலாமா என்கிறார். விளம்பரத்தில் ‘டெலோமியர் நீளும், இம்யூனிட்டி கூடும்’ என்று இருக்கிறதாம்.

வெள்ளையணு பதில்:

துணிச் சேம்பரில் 1.3 ஏடிஏ, உள்ளே சாதாரணக் காற்று. 1.3 ஐ 21ஆல் பெருக்கினால் 27. அதாவது கடல்மட்டத்தில் 27 சதவீத ஆக்சிஜன் சுவாசிப்பதற்குச் சமம். ஆஸ்பத்திரி முகமூடியில் 40 சதவீதம் கொடுத்தாலே அதைவிட மேல். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இணைத்தாலும் 2.4 ஏடிஏ அளவுக்கு வராது. ஒட்டல் நிறுத்தம், எலும்புக்குள் 100 மி.மீ. இரண்டும் அங்கே நடக்காது. அந்தப் பணத்துக்கு நல்ல பாத அழுத்தம் குறைக்கும் காலணி வாங்கச் சொல்லுங்கள்.

டெலோமியர் (குரோமோசோம் முனையில் உள்ள காப்புப் பகுதி) விளம்பரத்தின் வேர் இஸ்ரேலில் 2020இல் வந்த ஆய்வு. 64 வயதும் அதற்கு மேலும் ஆன 35 பேர், 60 அமர்வு, 2 ஏடிஏ, 90 நிமிடம். வெள்ளையணு டெலோமியர் 20 சதவீதத்துக்கும் மேல் நீண்டதாகவும், முதுமையடைந்த டி செல்கள் குறைந்ததாகவும் சொன்னது. ஒப்பீட்டுக் குழு இல்லை. ரத்தத்தில் இளம் செல்களின் பங்கு ஏறினாலே சராசரி டெலோமியர் நீளும், ஒரு செல்லில்கூட நீளாமல். அந்த இளம் செல்கள் வருவதற்கும் ஒரு காரணம் இருக்கலாம்: 2006இல் தாம் குழு காட்டியபடி 2 ஏடிஏவில் ஒரே அமர்விலேயே மஜ்ஜையிலிருந்து வரும் சிடி34 வகைத் தண்டுச் செல்கள் ரத்தத்தில் இரட்டிப்பாகின்றன, 20 அமர்வில் எட்டு மடங்கு. எப்படியும் அந்த ஆய்வு 1.3இல் நடந்தது அல்ல, விளம்பரம் அதைச் சொல்லாது.

சேம்பர் டெக் பதில்:

முதல் கேள்விக்கு. 30 அமர்வு ஓட்டிவிட்டுப் பார்ப்பது வேண்டாம். முதல் அமர்விலேயே சேம்பருக்குள் தோல்வழி ஆக்சிஜனை அளந்து பாருங்கள். 2.4இல் புண் ஓரத்தில் 200 மி.மீ.க்கு மேல் போனால் தொடரலாம், வாய்ப்பு நன்றாக இருக்கிறது. 100ஐக்கூட எட்டவில்லை என்றால் ரத்தம் போகவில்லை. திரும்ப நாள அறுவை மருத்துவரிடம் போங்கள், சேம்பர் அதைச் சரிசெய்யாது. சென்சாரைக் காலில் ஒட்டும்போது நீர் கோத்த இடத்தையும் உள்ளங்கால் தடித்த தோலையும் தவிருங்கள், அங்கே எண் பொய் சொல்லும்.

வெள்ளையணு உதவி அமர்வு நடக்கும்போதும் அதற்குப் பின் கொஞ்ச நேரமும்தான், அதனால் சீழும் வீக்கமும் குறைவது முதல் வாரத்திலேயே தெரிய வேண்டும். புது நாளம் முளைப்பதற்கு 15, 20 அமர்வு ஆகும். அப்போது சாதாரணக் காற்றில் அளந்தால் 28 என்பது 40ஐ நோக்கி ஏறியிருக்க வேண்டும். பத்தாவது அமர்வில் புண்ணின் நீள அகலமும் சிஆர்பியும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) அசையவில்லை என்றால் நிறுத்திவிட்டு எம்ஆர்ஐ எடுங்கள். பெரும்பாலும் செத்த எலும்பு உள்ளே மிச்சம் இருக்கும், அல்லது நோயாளி அந்தக் காலை ஊன்றி நடந்துகொண்டிருப்பார்.

பார்வை பற்றி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இருபது அமர்வுக்குப் பின் தூரப்பார்வை மங்கலாகும், படிக்கும் கண்ணாடி இல்லாமலே படிக்க வரும். சில வாரம் முதல் சில மாதத்தில் திரும்பும். அதற்குள் புதுக் கண்ணாடி செய்து பணத்தை வீணாக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். கண்புரை ஏற்கெனவே இருந்தால் மட்டும் தொடக்கத்திலேயே கண் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும். பிரெட்னிசோலோன் வருடக்கணக்கில் ஓடுபவருக்கு அது இருக்க வாய்ப்பு அதிகம்.